ரப்பருக்கு விளக்கெண்ணெய்தான்

ரப்பரை முதலில் சோப்புத் தண்ணீரில் அலம்ப வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கக் கூடாது. பிறகு நிழலில் உலர்த்தி, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, வெளிச்சம் புகாத தகர டப்பாவில் மூடி வைக்க வேண்டும். முறுக்கப் போகிற அன்று மட்டும் வெளியே எடுத்து, பவுடரைத் துடைத்து, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு விரலால் நீவ வேண்டும். விளக்கெண்ணெய்தான். தேங்காயெண்ணெய் பட்டால் ரப்பர் ஊறும், பருக்கும், பார்க்கப் பளபளவென்று மெத்தென்று இருக்கும். முறுக்கும்போது அறுந்துபோகும்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ரப்பரை முறுக்கிப் பறக்கவிடுகிற ஒரே ஒரு சின்ன விமானத்துக்கு எடுபிடியாக இருந்தவள் என்பதுதான். இன்று சிலர் கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, கம்பியில்லாமலே ஆகாயத்தில் விமானத்தைத் திருப்புகிறார்களாம், இறக்குகிறார்களாம். கொடுத்து வைத்தவர்கள். எங்கள் விமானத்துக்குக் கைவிட்ட பிறகு நம் பேச்சைக் கேட்கிற வழக்கம் கிடையாது. செய்ய வேண்டியதையெல்லாம் கையில் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

யுத்த காலம். திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்கிரகாரத் தெரு ஒன்றில் என் புகுந்த வீடு. என் கணவர், அவருடைய அண்ணா, மாமியார், நான். அண்ணா சர்க்கார் கச்சேரியில் குமஸ்தா. அண்ணாவின் மனைவி பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்தாள். என் கணவர் வித்துராவுக்கு மேலே, மலையில், ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். யுத்தம் வந்ததும் ஆள் குறைத்தார்கள், இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு இரண்டு வருஷம் வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் அண்ணா வீட்டுச் சோறு என்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அண்ணா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் இவரை அறுத்தது. மாமியார்தான் வாய் விட்டுச் சொல்வார். "இவன் வெறுதே இருக்கறவனாக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி, பிறகு உள்ளே போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிற மேஜை அப்போது ஊரில் எங்கே பார்த்தாலும் போட்டிருந்தது. படித்தவனுக்கு எழுத்து வேலை, துப்பாக்கி தூக்க வேண்டாம் என்றார்கள். இவர் ஒரு விண்ணப்பப் பாரத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். துவைக்கிறபோது நான் எடுத்து வெளியே வைப்பேன், உலர்ந்ததும் அவர் திரும்ப உள்ளே வைத்துக்கொள்வார். எங்களுக்குள் அதைப்பற்றிப் பேச்சில்லை. எதிர் வரிசையில் ஒரு வீட்டுக்கு அந்த ஆவணி மாதம் பட்டாளத்திலிருந்து தந்தி வந்திருந்தது. அந்த வீட்டு வாசலில் அதற்குப் பிறகு கோலம் போடவில்லை. தினமும் காலையில் நான் எங்கள் வாசலில் கோலம் போட உட்காரும்போது நேரே தெரிகிற வாசல் அது.

அப்படி இருக்கையில்தான் மைசூர்ப் பக்கத்தில் விமானம் பழுது பார்க்கிற தொழிற்சாலை ஒன்றுக்கு ஆட்கள் வேண்டும் என்று பேப்பரில் வந்தது. தொழிற்படிப்புச் சான்றிதழ் வேண்டும் என்று போட்டிருந்தது. இவரிடம் அது இல்லை. சிறு வயதிலிருந்து விமானம் என்றால் பைத்தியம், மூங்கிலையும் காகிதத்தையும் வைத்து எதையாவது செய்துகொண்டே இருந்தார், அவ்வளவுதான். இருந்தாலும் ஒரு கடிதம் எழுதிப் போட்டார். சான்றிதழ் இல்லை, ஆனால் தானாகத் தரையிலிருந்து எழும்பிப் பறக்கிற விமானம் ஒன்றை என் கையாலேயே செய்து காட்டுகிறேன் என்று. பதில் வரும் என்று யாரும் நினைக்கவில்லை, வந்தது. இன்ன மாதம் எங்கள் அதிகாரி திருவனந்தபுரம் வருகிறார், கொண்டுவந்து காட்டலாம், ஒரு நிமிஷமாவது ஆகாயத்தில் நிற்க வேண்டும், முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து நடத்தைச் சான்று ஒன்றும் கொண்டுவர வேண்டும்.

கிணற்றடியில் நின்று அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். படித்து முடித்துவிட்டு, "இது கிடைச்சா ரெண்டு பேருமாப் போயிடலாம். கிடைக்கலேன்னா அந்தப் பாரத்தைக் கொடுத்துடுவேன். அண்ணா ஆத்துல இனி ஒரு வருஷம் என்னால உக்காந்து சாப்பிட முடியாது" என்றார். என் கையில் கயிறு இருந்தது, குடம் பாதிக் கிணற்றில் தொங்கியது. "பறக்கும்" என்றேன். வேறு என்ன சொல்வது.

கொல்லையில் விறகு அடுக்குகிற கொட்டகையைக் காலி செய்தோம். பலாப்பலகை ஒன்று கிடைத்தது, தச்சர் இழைத்துக் கொடுத்தார். பலகை சமமாக இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பலகை கோணினால் இறக்கை கோணும். அந்தப் பலகையில் அவர் காகிதத்தில் வரைந்த படத்தை ஒட்டி, அதன்மேல் சட்டத்தை வைத்து, இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி, ஒட்டு உலர்கிறவரை அசையவிடாமல் வைப்பார். மூங்கிலைச் சீவி நெருப்பில் வாட்டி வளைப்பது அவர் வேலை. குளத்து நெட்டியை வகுந்து இறக்கையின் விலாக்களை நறுக்குவது என் வேலை. இருபத்திரண்டு விலா. எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று ஒரு தகரத்தை வெட்டி அச்சு செய்து கொடுத்தார். அச்சைச் சுற்றிப் பிளேடை ஓட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். நான் முதலில் நறுக்கிய எட்டு விலாவை அவர் குப்பையில் போட்டார்.

முதல் இறக்கை மழையில் போயிற்று. துலா மாதத்து, அதாவது ஐப்பசி மழை இந்த ஊரில் சாயங்காலம் தவறாமல் வரும். காகிதம் ஒட்டி, மேலே தண்ணீர் தெளித்து, அது காயும்போது தோல்போல இழுத்துக்கொள்ளும் என்று வைத்திருந்தோம். இழுத்துக்கொண்டது. நான் அவசரப்பட்டு ஊசிகளைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்து வைத்தேன், ஈரக்காற்றில் ஒரு முனை மேலே முறுக்கிக்கொண்டுவிட்டது. முறுக்கிய இறக்கை பறக்காது, வட்டமடித்துத் தரையில் மூக்கைக் குத்தும். முழுக்கக் காய்கிறவரை பலகையைவிட்டு எடுக்கக் கூடாது. இரண்டாவது இறக்கையைக் கரப்பான் தின்றது. மைதாப் பசையின் ருசி. அதற்கப்புறம் பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் சேர்த்தோம், கரப்பான் அண்டவில்லை. மூன்றாவது இறக்கைதான் நின்றது. ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து பழைய பிலிம் துண்டுகளை வாங்கிவந்து, ஏதோ திராவகத்தில் கரைத்து, ஈரம் ஏறாமலிருக்க அதைக் காகிதத்தின்மேல் பூசினார். கொல்லை முழுக்க அழுகிய வாழைப்பழ நாற்றம். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்துக்கு உத்தியோகம் கொடுக்கறானாமா வெள்ளைக்காரன்" என்றார்.

இப்படிச் சிரித்துச் சொல்கிறேனே ஒழிய, ஒவ்வொன்று கெட்டுப்போகும்போதும் நாள் குறைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் எழுந்தவுடன் மிச்ச நாளை எண்ணுவேன். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சிம்பும் கத்தியுமாகவே இருந்ததில் விரல் முழுக்கக் கீறல்.

முன்னால் சுழல்கிற விசிறியை முருக்க மரத்தில் செதுக்கினார். அதை ஊசியில் கோத்துத் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கத்தை மணல்காகிதத்தால் தேய்க்க வேண்டும், எப்படி விட்டாலும் அப்படியே நிற்கிறவரை. அது உராயாமல் சுழல இரண்டு கண்ணாடி மணி வேண்டியிருந்தது. என் பாசிமணி மாலையை அறுத்துக் கொடுத்தேன். கனம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இறக்கையின் முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் விரல் நுனியில் தாங்கிப் பார்ப்பார். வால் தாழ்ந்தால் மூக்கில் வலைக்காரர்களின் ஈயக் குண்டு ஒன்றைச் சேர்ப்பார். கிழக்கேகோட்டை வாசலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயலில், வைக்கோல் தாளின்மேல், காற்றில்லாத அதிகாலையில் முதலில் ரப்பர் இல்லாமல் கையால் தள்ளிப் பார்த்தார். பத்து மணிக்கு மேல் கடல்காற்று கிளம்பிவிடும், அதற்குப் பிறகு எதையும் சோதிக்கக் கூடாது. நான் வயலுக்குப் போனதில்லை. அண்ணாதான் ஆபீசுக்குப் போகுமுன் அவரோடு போவார். திரும்பி வந்து அண்ணா என்னிடம் நேராகச் சொல்லாமல் தூணைப் பார்த்து, "இன்னிக்குக் கொள்ளாம், நன்னாப் பறந்தது" என்பார்.

ரப்பர் விஷயம் சொல்ல வேண்டும், முறுக்கின ரப்பர் அவிழ்கிற வேகத்தில்தான் விசிறி சுழலும். ஊரைச் சுற்றி மலை முழுக்க ரப்பர் மரம்தான். ஆனால் விமானத்துக்கு அந்த மரத்துப் பாலில் செய்கிற ஷீட் உதவாது, அதற்கென்று செய்த நாடா வேண்டும். யுத்தத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்த ஒரே ஒரு கற்றை அவரிடம் இருந்தது. இனி கப்பல் வந்தால்தான் இன்னொன்று. சைக்கிள் ட்யூபை நறுக்கிப் பார்த்தார், கனம்தான் இருந்தது, உயிர் இல்லை. அதனால் அந்த ஒரு கற்றையைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றினோம். புது ரப்பரை எடுத்தவுடன் முழுக்க முறுக்கக் கூடாது, நூறு, இருநூறு, முந்நூறு என்று பழக்க வேண்டும். ஐந்நூறு சுற்று அது தாங்கும், ஐந்நூறு சுற்றினால் ஒரு நிமிஷத்துக்கு மேலே நிற்கும் என்று அவர் கணக்கு. அந்த ஐந்நூறை அதிகாரியின் முன்னால்தான் முதல்முதலாகக் கொடுப்பது என்று வைத்திருந்தார்.

முறுக்கிப் பழக்குகிறபோது நான்தான் விமானத்தைப் பிடித்துக்கொள்வேன். இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அவர் ரப்பரின் மறுமுனையைக் கைத் துளைக்கருவியின் கொக்கியில் மாட்டி, அதை நாலு மடங்கு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, மாட்டுத் தொழுவம் வரை போய்விடுவார். பிறகு கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஒவ்வொரு அடியாக என்னை நோக்கி வருவார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே வருவார். கூட்டுக் குடும்பத்தில் பகலில் ஒரு புருஷன் தன் பெண்டாட்டியை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்க்கிறது அந்தக் காலத்தில் வேறு எதற்கும் நடக்காது. கடைசிச் சுற்றில் அவர் மூச்சு என் நெற்றியில் படும். "மதி, போறும்" என்பேன். "இன்னும் பத்து" என்பார்.

அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பு இவர் நடத்தைச் சான்று வாங்க வித்துராவுக்குப் புறப்பட்டார். அங்கிருந்து மலையேறித் தோட்டத்துக்குப் போய், மேனேஜரைப் பார்த்து, மறுநாள் சாயங்காலம் திரும்பிவிடுவது ஏற்பாடு. போகும்போது ரப்பரை அலம்பி, பவுடர் போட்டு, டப்பாவில் வைத்து, டப்பாவைக் கூடத்து அலமாரியில் விமானத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "தொடாதே, பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் நான் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டு உள்ளே வரும்போது மாமியார் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். டப்பா திறந்திருந்தது. மடியில் ரப்பர்க் கற்றை. பக்கத்தில் வெண்கலக் கிண்ணத்தில் எண்ணெய். பிறக்கப் போகிற பேரக் குழந்தைக்கென்று அவரே தேங்காய்ப் பால் பிழிந்து காய்ச்சி இறக்கி வைத்திருந்த உருக்கெண்ணெய். அதை விட்டு, குழந்தையின் காலை நீவுகிற மாதிரி, ஒவ்வொரு இழையாக நீவிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்து நிமிர்ந்தார். "பாவம், எல்லாம் வெளுத்து வறண்டு கிடந்துது. இப்போ பாரு, எப்படி மினுங்கறது. என் பங்கும் அவனுக்கு இருக்கட்டும், கேட்டியா" என்றார். சிரித்தார்.

நான் அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவரும் அந்தப் பாரத்தைப் பார்த்திருக்கிறார் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிள்ளை பட்டாளத்துக்குப் போய்விடுவானோ என்று என்னைப் போலவே அவரும் பயந்துகொண்டிருந்திருக்கிறார். என்ன செய்வது என்று தெரியாமல், தன்னிடம் இருந்த நல்ல எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். இந்த ஊரில் காய்ந்துபோகிற எதற்கும் அதுதானே வைத்தியம்? கதவுக் கீலுக்கு, தலைக்கு, வெடித்த காலுக்கு, தையல் மிஷினுக்கு, எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்.

குடத்தை இறக்கி வைத்தேன். பயப்பட வேண்டாம், விடிந்ததும் மாமியார் கோயிலுக்குப் போவார், அப்போது எடுத்துச் சோப்புப் போட்டு அலம்பி, பவுடர் தூவி வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பொழுது மட்டும் ஊறினால் ரப்பர் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதானா என்று இன்றுவரை தெரியாது, ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்கவே முடியவில்லை. விடிந்தபோது நான் தூரமாகியிருந்தேன்.

எங்கள் வீடுகளில் மாதத்தில் மூன்று நாள் என்றால் மூன்று நாள். கொல்லைப்புறத்தில் ஒரு சிறு அறை, ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. வீட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. அன்று காலை நான் அந்த அறை வாசலில் உட்கார்ந்து, சமையலறையையும் அதற்கப்பால் நடையையும் அதற்கப்பால் கூடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பா கூடத்தில் இருந்தது. முப்பது அடி இருக்கும்.

மாமியார் தனியாகச் சமையல் செய்யவேண்டி வந்த எரிச்சலில் இருந்தார். எனக்குத் தட்டில் தூக்கிப் போட வந்தபோது சொன்னேன். "அம்மா, அந்த ரப்பரை சோப்புப் போட்டு அலம்பிடுங்கோ. அவர் அப்படித்தான் பண்ணுவார்."

"எண்ணெ தேச்சதை எதுக்கு அலம்பறது? நல்லதுக்குத்தானே தேச்சேன்?"

"தேங்காயெண்ணெ அதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசாம இரு. நாளைக்கு அவன் ஒரு காரியத்துக்குப் போறான், இன்னிக்குன்னு பாத்து நீ வந்து உக்காந்தாச்சு. அதுலே கண்ணையும் வைக்காதே." சோற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நேற்றைய சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

மத்தியானம் மாமியார் கண் அயர்ந்தார். நான் எழுந்து சமையலறைப் படி வரை போனேன். உள்ளே நுழைந்து, நடையைத் தாண்டி, டப்பாவை எடுத்து, கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலம்பி, திரும்ப வைக்கக் கால் மணி நேரம் போதும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். படியில் ஒரு காலை வைக்கக்கூட வைத்தேன். மாமியாருக்குப் பயந்து நின்றேன் என்றால் இத்தனை வருஷம் கழித்து அவர்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அது இல்லை. இந்த மூன்று நாளில் நான் தொட்டால் விமானம் விழுந்துவிடும் என்று நானே நம்பினேன். என் இரத்தத்தில் ஊறின நம்பிக்கை அது. ரப்பரைத் தேங்காயெண்ணெய் கெடுக்கும் என்றும் தெரியும், என் கை கெடுக்கும் என்றும் தெரியும். இரண்டில் எது பெரிய கேடு என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பிறகு காலை எடுத்துக்கொண்டு அறைக்கே திரும்பினேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

சாயங்காலம் இவர் வந்துவிடுவார், சொல்லிவிடலாம். என்ன சொல்வது என்று வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் நாலு வார்த்தை, கிணற்றடியில். சாயங்காலம் அவர் வரவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்ஸெல்லாம் அப்போது கரிவாயுவில் ஓடின, ஏற்றத்தில் மூச்சு வாங்கும். நெடுமங்காட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. மறுநாள் காலை எட்டரை மணிக்குத்தான் இவர் வீட்டுக்குள் நுழைந்தார், வேஷ்டியெல்லாம் கரிப்புகை. அதிகாரி பத்து மணிக்கு, பாளையம் பக்கத்து மைதானத்தில். இவர் கிணற்றடியில் நாலு வாளி ஊற்றிக்கொண்டார், மாமியார் துண்டோடு அங்கேயே நின்றார். சமையலறையில் உட்கார்ந்து இரண்டு கவளம் சாப்பிட்டார், மாமியார் விசிறியோடு நின்றார். கோட்டு மாட்டிக்கொண்டார். அண்ணா விமானத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். டப்பா இவர் கையில்.

நான் கொல்லை முற்றத்தில் நின்றேன். நடை வழியாக வாசல் வரை தெரிந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், தலையை அசைத்தார். மாமியார் அவருக்குப் பக்கத்தில் நின்றார். உங்கள் அம்மா தேங்காயெண்ணெய் போட்டுவிட்டார் என்று அந்த முகத்துக்கு நேரே எப்படிக் கூவிச் சொல்வது? அவர் வாசற்படியில் கால் வைத்தபோது என்னையறியாமல் குரல் வந்துவிட்டது.

"ரப்பரை ஒருதரம் பாருங்கோ."

"பாத்துக்கறேன்" என்றார்.

"போறவனைப் பின்னாலேந்து கூப்பிடறாளே, பாவி" என்றார் மாமியார். அவர்கள் போய்விட்டார்கள்.

மைதானத்தில் நடந்ததை அண்ணா சொல்லித்தான் தெரியும். மத்தியானம் வந்து, தூணைப் பார்த்துச் சொன்னார். டப்பாவைத் திறந்ததும் தம்பி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றானாம். வேஷ்டியால் ரப்பரைத் துடைத்தானாம், திரும்பத் திரும்பத் துடைத்தானாம். வெள்ளைக்கார அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தாராம். பிறகு அண்ணாவிடம் விமானத்தைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு, இழுத்துச் சுற்ற ஆரம்பித்தானாம். முந்நூறில் நிறுத்திவிடலாமே என்று அண்ணாவுக்குத் தோன்றிற்றாம். முந்நூறில் ஒரு நிமிஷம் வராது. நானூறு தாண்டியதும் அறுந்தது. அறுந்த ரப்பர் விமானத்தின் உடம்புக்குள் அடித்துச் சுருண்டு, மூங்கிலை ஒடித்து, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததாம். அண்ணாவின் உள்ளங்கையில் ஒரு சிம்பு ஏறியிருந்தது, அதைப் பிடுங்கிக்கொண்டேதான் சொன்னார்.

அதிகாரி நல்ல மனுஷர் போலிருக்கிறது. கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்து, மூக்கருகில் கொண்டுபோனாராம். ரப்பரைத் தயார் பண்ணினது யார் என்று கேட்டாராம்.

"நான்தான்னு சொன்னான்" என்றார் அண்ணா.

அடுத்த வாரம் இவர் அந்தப் பட்டாளத்துப் பாரத்தைக் கொடுத்துவிட்டார். புறப்படுவதற்கு ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதத்தில் நான் இரண்டு தடவை பேச்செடுத்தேன். "அன்னிக்கு அந்த ரப்பர்..." என்று ஆரம்பித்ததுமே, "அந்தப் பேச்சு வேண்டாம். பழைய ரப்பர், போயிடுத்து" என்று கையை உயர்த்திவிட்டார், கோபமில்லாமல். அவருக்கு எண்ணெய் விஷயம் தெரியாது, பழசானதால் அறுந்தது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அப்படியே இருக்கட்டும், தாயும் பிள்ளையும் பிரிகிற நேரத்தில் எதற்கு என்று விட்டேன். மாமியாருக்கோ எதுவும் புரியவில்லை. நான் பின்னாலிருந்து கூப்பிட்டதால்தான் விமானம் ஒடிந்தது என்று அவர் தெருவில் சொன்னார், தெருவும் நம்பிற்று. எண்ணெய் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. கடைசிவரை வரவில்லை. அவர் இருந்த பதினெட்டு வருஷமும் நான் சொல்லவுமில்லை.

புறப்படுகிற அன்று காலை வாசலில் குதிரை வண்டி நின்றது. அண்ணா பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். மாமியார் விபூதித் தட்டோடு வாசலில் நின்றார். இவர் என்னைக் கண்ணால் கூப்பிட்டார். நடையில், கதவுக்குப் பின்னால், இரண்டு பேரும் நின்றோம். மாமியார் நாலடி தள்ளி இருந்தார், அவர் விசும்புவது கேட்டது.

"அந்த எண்ணெ விஷயத்தை நான் யார்கிட்டேயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் போட்டிருப்பே, எனக்குத் தெரியும். பாருங்கோன்னு நீ கூப்பிட்டபோதே தெரிஞ்சுடுத்து. மனசிலே வெச்சுண்டு வெறுதே அழாதே, கேட்டியா?" என்றார்.

அவர் கை என் தோளில் இருந்தது. நான் போட்டேன் என்று நினைத்திருக்கிறார். டப்பாவைத் திறந்த நிமிஷத்திலிருந்து அப்படித்தான் நினைத்திருக்கிறார். அதற்காகத்தான் அதிகாரியிடம் நான்தான் என்றிருக்கிறார், அதற்காகத்தான் ஒரு மாதமாகக் கையை உயர்த்தி என் வாயை அடைத்திருக்கிறார், என்னைக் காப்பாற்ற. நான் இல்லை, உங்கள் அம்மாதான் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். நாலடி தள்ளி அந்த அம்மா பிள்ளையின் நெற்றியில் இடுவதற்கு விபூதியைக் குழைத்துக்கொண்டு நின்றார்.

"சரி" என்றேன்.

பதினோரு மாதம் கழித்து எங்கள் வாசலுக்கும் தந்தி வந்தது. அதுவரை அவரிடமிருந்து கடிதங்கள் வந்தன, எல்லாம் அண்ணா பெயருக்கு. அண்ணா கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், மாமியார் பக்கத்தில், நான் கதவோரம். பதிலும் அண்ணாதான் எழுதுவார், எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டித்தான் ஒட்டுவார். கடைசியில் எனக்கென்று ஒரு வரி இடம் விட்டு, காகிதத்தையும் பேனாவையும் தரையில் வைத்து நகர்த்துவார். ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பிறகு, நான் சௌக்கியம் என்று எழுதிக் கொடுப்பேன்.